நொய்யற் கரையும் யவனர் மதுவும்

இன்று பின்னலாடைகளைக் கடல் கடந்து அனுப்பும் திருப்பூரின் நடுவே நொய்யல் ஓடுகிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் இவ்வாற்றின் கரைவழியே வேறொரு வாணிகம் நிகழ்ந்தது. முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, கொடுமணல் வழியே கருவூரை அடைந்தது. நம் படியூர் மண்ணில் கிடைத்த பெரில் என்னும் நீலப் பச்சைக் கற்களை யவனர் விரும்பி வாங்கினர். அவர் தந்த விலைக்குச் சான்று வேண்டுமாயின், 1842-இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த 522 உரோம வெள்ளிக் காசுகளே போதும்.

காசோடு மதுவும் வந்தது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைக் குறிப்பிடுகிறார். புலவர்க்கு அஃது 'யவனர் மது', அவ்வளவே. ஆயினும் அஃது ஒரு நாட்டு மது அன்று. இதனை நமக்கு உரைப்பவை உடைந்த சாடிகள்.

புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் பல வெளிப்பட்டன. மண் ஊர் சொல்லும், கைப்பிடி தீவு சொல்லும்! இரண்டு மண்தண்டுகளை ஒட்டிச் செய்த கைப்பிடி, கோசுத் தீவின் மதுச்சாடிக்கு உரியது. அத்தீவினர் மதுவிற் கடல்நீர் கலப்பர். நம் நாவுக்கு அது சுவைத்திருக்குமோ, அறியேன். கைப்பிடி கூராக மேலெழுந்து வளைந்தால் அது ரோடுத் தீவினது. எரிமலைக் கருமணல் மின்னும் களிமண்ணோ, இத்தாலியின் காம்பானியா நிலத்தது. உட்புறம் கீல் பூசப்பெற்ற இச்சாடிகள் ஏறத்தாழ 26 லிட்டர் கொள்வன.

மாணவர்கள் வினவலாம்: இன்று செம்மதுவுக்குப் புகழ்பெற்ற ஸ்பெயினின் பங்கு என்ன? அந்நாட்டு மதுவிலும் அன்றே வட்டார வேற்றுமை இருந்தது. லயேதானம் மிகுதியாக விளைப்பது, தராக்கோவும் லௌரோவும் சுவையிற் சிறந்தவை, பாலியாரிக் தீவுகளின் மது இத்தாலியின் முதல்தர மதுவுக்கு நிகரானது என்று பிளினி எழுதிவைத்தார். ஆனால் அரிக்கமேட்டுக்கு வந்த ஸ்பானியச் சாடிகளில் ஆய்வாளர் கண்டது பெரும்பாலும் மீன்சாறு வந்த சாடிகளையே.

ஒன்று கருதத்தக்கது. தமிழகமெங்கும் யவனர் மது வெள்ளமாய்ப் பாய்ந்ததென்று சிலர் மிகைபடப் பேசுவர். நான் அதனை ஏற்கேன். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், இன்றைய பரூச் ஆகிய பரிகாசாவில் இத்தாலிய மதுவே முதன்மையாக விலைபோயிற்று என்றும், லவோதிக்கேயா, அரேபியா நாட்டு மதுக்களும் இறங்கின என்றும் கூறுகிறது. முசிறியைக் கூறுமிடத்தோ, மது வந்தது, மிகுதியாக அன்று என்கிறது. அச்சிறிய அளவையும் பருகியோர் அரசரும், செல்வரும், இங்குத் தங்கிய யவனருமே ஆவர் என்பது என் கருத்து.