முத்துக் கணக்கும் கணிதக் கல்வியும்

கணிதம் எல்லா நாட்டவர்க்கும் பொதுவானது. ஆயினும் எல்லா இடங்களிலும் ஒரே தேவையிலிருந்து, ஒரே வழியில் பிறந்ததன்று. இதனை உணர்த்தாது கற்பிக்குங்கால், மாணவர் கணிதத்தை எங்கிருந்தோ வந்த விதிகளின் தொகுப்பாகவே கொள்கின்றனர். தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாறு இதற்கு மாற்றானதொரு பாடத்தை நமக்கு அளிக்கிறது.

இக்கரையின் முத்துக்குளிப்பைப் பல நாட்டார் கண்டு எழுதியுள்ளனர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டதைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் அளிக்கப்பட்டதை எழுதுகிறார். இருபதில் ஒன்றினைத் தமிழர் ‘மா’ என்றனர். எண்பதில் ஒன்று ‘காணி’. 320இல் ஒன்று ‘முந்திரி’. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இப்பின்னங்களை எண்சுவடி வாயிலாக மனப்பாடமாகக் கற்றனர்.

முத்தை விலை மதிப்பதற்கு இவை மட்டும் போதவில்லை. முதலில், பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்துக்கள் பருமன்வாரியாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் மஞ்சாடி நிறையால் எடையிடப்பட்டன. மொத்த எடையை வர்க்கப்படுத்தி, அதில் முக்காற்பங்கை எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தனர். இவ்வாறு கிடைத்த மதிப்பளவை ஐரோப்பிய வணிகக் கையேடுகள் ‘சௌ’ எனக் குறித்தன. நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்துக்கு மதிப்பளவு 12. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடியான நான்கு முத்துக்களுக்கோ 3 மட்டுமே. மொத்த எடை ஒன்றே. மதிப்போ நான்கு மடங்கு வேறுபடுகிறது. பெரிய முத்தின் அருமையை வணிகர் வர்க்கத்தால் அளந்தனர். 1676இல் வெளிவந்த தம் பயண நூலில் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே வைரத்திற்கும் எடையின் வர்க்கத்தைக் கொண்டே விலை காணும் முறையைக் கூறியிருப்பது ஒப்புநோக்கத்தக்கது.

1957இல் நயா பைசா நாணயமும், அதையொட்டி மெட்ரிக் அளவைகளும் வழக்கிற்கு வந்தன. 1955இல் தொடங்கிய தூத்துக்குடி முத்துக்குளிப்பு வரிசை 1961உடன் முடிவுற்றது. மாவும் காணியும் மஞ்சாடியும் வழக்கொழிந்தன. அவற்றை மீண்டும் நடைமுறைக்குக் கொணர வேண்டும் என்று நாம் கூறவில்லை. வர்க்கம் என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி, ‘ஏன் வர்க்கப்படுத்தினர்?’ என்று வினவட்டும். கடற்கரைச் சிறுவன் தன் ஊரிலும் கணிதம் வளர்ந்ததை அப்பொழுது அறிவான்.

மற்றொரு வினாவும் எழுப்பப்பட வேண்டும். முத்தின் எடையும் எண்ணிக்கையும் இடம்பெற்ற அக்கணக்கில், மூச்சடக்கி மூழ்கியவரின் உழைப்புக்கு இடமில்லை. அவர் பங்கை நிர்ணயித்தது வேறு அதிகாரம். கணக்குச் சரியாயிருந்தும் பங்கீடு நீதியற்றதாக இருக்கக்கூடும் என்பதையும் வரலாற்றோடு கற்கும் கணிதமே உணர்த்த இயலும். பள்ளிகளை நடத்தும் பொறுப்பேற்றுள்ள நம் திருச்சபைகள் இவ்விரு வினாக்களையும் வகுப்பறைக்குள் கொண்டுசெல்லுதல் தகும்.