டேனியல் ஓவியங்களும் வரலாற்று நோக்கும்

இயற்கைக் காட்சி ஓவியத்தைக் காணுங்கால், அது காட்டும் நிலத்தையே நேரிற் கண்டதாக நாம் எண்ணிவிடுகின்றோம். ஓவியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப் புகுவோர் முதற்கண் களைய வேண்டுவது இவ்வெண்ணமேயாம். தமிழகத்தை வரைந்த ஆங்கில ஓவியர் தாமசு டேனியல் (1749–1840), அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகியோர்தம் படைப்புக்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1786-இல் கல்கத்தா வந்தடைந்த இவ்விருவரும் 1792-இல் சென்னையினின்று புறப்பட்டுப் பாராமகால், மதுரை, பாபநாசம், தஞ்சை முதலிய இடங்களைக் கண்டு வரைந்தனர். இருட்பெட்டியின் துணைகொண்டு உருவங்களின் அளவைச் செம்மையாகக் குறித்தனர். ஆதலின், கட்டடங்களின் அமைப்பை அறிய இவை பெரிதும் பயன்படும். ஆயினும், 1794-இல் இங்கிலாந்து திரும்பிய பின்னரே இவற்றைச் செப்புத் தகட்டிற் செதுக்கி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர். வண்ணம் கையால் ஊட்டப்பெற்றது. எனவே, நாம் காணும் வானத்தின் நிறம் இலண்டனில் தீட்டப்பெற்றதாகும்.

காட்சியைத் தெரிந்தெடுத்த முறையும் ஆராயத்தக்கது. கரடுமுரடான பாறை, சிதைந்த கோட்டை, முன்புறத்து நிழல்மரம் ஆகியவற்றை விரும்புமாறு கில்பின் முதலியோர்தம் நூல்கள் அக்கால ஆங்கிலேயரைப் பழக்கியிருந்தன. அச்சுவைக்கேற்பப் பாராமகாலின் இராயக்கோட்டை ஓர் எழிற்குன்றாகத் தோன்றுகின்றது. ஆனால், அக்கோட்டையைக் கும்பினிப்படை கைப்பற்றியது 1791-இல். திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார்க்கு உரியதானது 1792 மார்ச்சுத் திங்கள் உடன்படிக்கையால். அவ்வாண்டிலேயே ஓவியர் அங்குச் சென்றனர். அவர் அவ்விடத்து அச்சமின்றி நின்று வரைய இயன்றதே அப்போரின் விளைவாகும். அதனைப் படம் சொல்லாது. நாமே வினவி அறிதல் வேண்டும்.

இப்படங்களை மட்டும் கொண்டு அந்நிலம் மக்கள் அருகிய மலைக்காடு என முடிவு கட்டுதல் பிழையாம். அதே 1792 முதல் அலெக்சாந்தர் இரீடும் தாமசு மன்றோவும் பாராமகாலை ஆண்டு தொகுத்த ஆவணங்கள், அந்நிலத்துக் குடிகளையும் விளைபொருளையும் வரியையும் விரித்துரைக்கின்றன. ஓவியத்திற் சிற்றுருவமாய் நிற்பவன் அவ்வாவணத்தில் வரி செலுத்தும் உழவனாகின்றான்.

ஆகவே, ஓவியர் எங்கு நின்றார், யார் பொருட்டு வரைந்தார், எதனை விடுத்தார் என்னும் வினாக்களை எழுப்பி, விடைகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிடுதல் முறையாகும். நிலத்தொடு மக்களையும் தொழிலையும் கருப்பொருளாகச் சேர்த்தெண்ணிய திணைமரபிற் பயின்ற நமக்கு இந்நோக்கு அரிதன்று.