குட்டை ஸ்பிரிங்கா, காய்லோவரா? ஒரு பழைய இம்ப்ரேசாவின் கணக்கு

1992 முதல் 2000 வரை வந்த முதல் தலைமுறை சுபாரு இம்ப்ரேசா டர்போவை ரசிகர்கள் சேஸி எண்ணைச் சொல்லி ஜி.சி.8 என்றே அழைப்பார்கள். பிரிட்டனில் இன்றும் அதற்கு ஒரு கூட்டம் உண்டு. அந்தக் காரை வாங்கியவரின் கண்ணை முதலில் உறுத்துவது டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே உள்ள சந்து. போஸ்டரில் காலின் மெக்ரேயின் நீலக் கார் தரையை ஒட்டிக் கிடக்கும்; வீட்டு வாசலில் நிற்பதோ எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். ஆனால் ராலிக் காருக்கு ஒரே உயரம் என்று எப்போதும் இருந்ததில்லை. கோர்சிகாவின் தார்ச்சாலைக்கு இறக்குவார்கள், கென்யாவின் சஃபாரி ராலிக்கு உயர்த்துவார்கள். போஸ்டரில் இருப்பது முதலாவது வகை.

காரை இறக்க இரண்டு வழிகள். ஒன்று, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான, சற்றே கடினமான ஸ்பிரிங்கையும் அதற்கு ஏற்ற ஷாக் அப்சார்பரையும் மாட்டுவது. உயரம் ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். இன்னொன்று காய்லோவர்: மரை வெட்டிய குழாய், அதன்மேல் திருகி ஏற்றி இறக்கக்கூடிய வளையம், நேரான சிறிய ஸ்பிரிங், தலையில் அப்சார்பரின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கேட்டதும் யாருக்கும் இரண்டாவது மேலாகத் தோன்றும். வேண்டிய உயரத்தை வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திருகைத் தொடுவதற்கு முன்பே இந்தக் காரில் பாதி முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வது லோயர் ஆர்ம்.

ஜி.சி.8-இன் நான்கு சக்கரங்களுக்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். சக்கரத்தைக் கீழே பிடித்திருப்பது ஆர்ம் அல்லது லிங்க். மேலே பிடித்திருப்பது அப்சார்பரேதான். முன்பக்கம் கம்பெனி உயரத்தில் ஆர்ம் சக்கரத்தை நோக்கி லேசாகக் கீழே சரிந்திருக்கும். காரின் உடம்பு கீழே வந்தால், ஆர்மின் உள்முனை அதோடு இறங்கும், வெளிமுனை சக்கரத்தோடு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆர்ம் 350 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்கம் அதன் சரிவில் 5 டிகிரியைத் தின்றுவிடும். 60 மி.மீ. இறக்கினால் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கியே நிற்கலாம்.

இதில் நஷ்டம் இரண்டு. முதலாவது, வளைவில் சக்கரம் மேலேறும்போது தானாகக் கிடைக்கும் நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்வது, குறைந்துகொண்டே வரும். ஆர்மும் ஸ்ட்ரட்டும் செங்கோணமாகும் இடத்தில் நின்றுவிடும், அதற்கப்பால் எதிர்த் திசையில் போகும். டயர் உட்கார வேண்டிய நேரத்தில் விளிம்பில் நிற்கும். இரண்டாவது இன்னும் விசித்திரம். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் சாய்க்கும் நெம்புகோல். ஆக, காரை இறக்கினால் சாய்வு குறையும் என்று நினைத்து இறக்குகிறோம், ஆனால் அதே ஸ்பிரிங்கோடு இறக்கினால் சாய்வு கூடவும் கூடும். இறக்கிய கார் சாயாமல் ஓடுவது ஸ்பிரிங் கடினமானதால்தான், உயரம் குறைந்ததால் அல்ல. பால் ஜாயின்டுக்கு அடியில் ஸ்பேசர் போல வேலை செய்யும் ரோல் சென்டர் கிட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் டை ராட் எண்டையும் அதே அளவு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

குட்டை ஸ்பிரிங் செட்டுகள் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ.க்குள் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எல்லையைத் தயாரிப்பாளரே போட்டுக் கொடுத்துவிடுகிறார். காய்லோவரில் அந்த எல்லை வாங்கியவர் கையில் இருக்கிறது, வளையத்தைத் திருகும் கை எங்கே நிற்கும் என்பது பெரும்பாலும் கண் சொல்லும் விஷயம்.

சரி, குட்டை ஸ்பிரிங் போடுபவர், காய்லோவர் போடுபவர் இருவரும் 30 மி.மீ.தான் இறக்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சவாரி வேறு வேறாக இருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,250 கிலோ கார், எடை முன்பக்கம் அதிகம், சக்கரம் பிரேக் எல்லாம் கழித்தால் முன்பக்கத்து ஒரு மூலை ஸ்பிரிங் தாங்குவது சுமார் 325 கிலோ. குட்டை ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்குவது என்றால் கார் சும்மா நிற்கும்போதே அது 108 மி.மீ. அமுங்கியிருக்கும், அதன் துள்ளல் நொடிக்கு ஒன்றரைத் தடவை. காய்லோவர் செட்டுகளில் சாதாரணமாக வரும் 8 கிலோ ஸ்பிரிங் என்றால் அமுக்கம் 41 மி.மீ.தான், துள்ளல் நொடிக்கு இரண்டரை. ஸ்ட்ரட் காரில் சக்கர அசைவும் ஸ்பிரிங் அசைவும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இந்தக் கணக்கு நிஜத்துக்கு அருகில்தான் இருக்கும்.

இந்த 41 மி.மீ.யைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 41 மி.மீ. இறங்கியதும் இந்த ஸ்பிரிங் கைவிட்டுவிடும். டிராக்கில் அது போதும். பிரிட்டனின் கிராமப்புறச் சாலைகளில், வேலிக்கு நடுவே மேடும் பள்ளமுமாக ஒட்டுப் போட்ட தாரில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் காரின் ஒரு சக்கரம் அடிக்கடி காற்றில் தொங்குவது வீண். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போவதே நான்கும் தரையைத் தொட்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தானே. டிஃபரன்ஷியல் திறந்த வகையாக இருந்தால், தொங்கும் சக்கரம் சுழன்றுவிட்டு மற்றதற்குப் போக வேண்டியதையும் குறைத்துவிடும்.

சாய்வைக் குறைக்கத்தான் ஸ்பிரிங் என்றால், அதற்கு மலிவான வேறு வழி இருக்கிறது. இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாரை 22 ஆக்கினால் ஏறக்குறைய 46 சதவீதம் கூடுகிறது. பின்பக்கம் அதை மட்டும் மாற்றினாலே, வளைவில் மூக்கு வெளியே போகும் இந்தக் காரின் பிறவிக் குணம் நன்றாகக் குறையும்.

அப்சார்பருக்கு வருவோம். உண்மையில் பணம் போக வேண்டிய இடம் இதுதான். ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால் அதை அடக்கும் விசையும் 14 சதவீதம் கூட வேண்டும். இருபத்தைந்து வருடம் ஓடிய அப்சார்பருக்கு ஏற்கெனவே இருக்க வேண்டியதே இருக்காது. அதன்மேல் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். கார் ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பரில் இடித்துக்கொண்டு போகும். பில்ஸ்டைன் நிறுவனம் பி6, பி8 என்று இரண்டு விதம் விற்பது இதனால்தான்: கம்பெனி உயரத்துக்கு பி6, இறக்கிய காருக்கு உடம்பைக் குட்டையாக்கிய பி8. ஸ்பிரிங்கோடு அப்சார்பரின் நீளமும் குறைந்தால்தான் அமுங்குவதற்கு இடம் மிஞ்சும்.

மலிவுக் காய்லோவர் செட்டின் விலைக்கு நல்ல அப்சார்பரும் குட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தே வாங்கிவிடலாம் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. அதே பணத்தில் காய்லோவர்காரர் மரை, வளையம், திருகு, கேம்பர் பிளேட் எல்லாவற்றையும் கொடுக்கிறார் என்றால் எங்கோ ஒன்றில் குறைத்திருக்க வேண்டும். குறைவது பெரும்பாலும் அப்சார்பருக்குள்ளே இருக்கும் வால்வில். திருகில் முப்பத்திரண்டு கிளிக் இருக்கும். அதில் முக்கால்வாசியைத் திருகினாலும் வித்தியாசம் தெரியாது. சுபாருவே 1998-இல் ஜப்பானில் 400 மட்டும் விற்ற 22பி இம்ப்ரேசாவுக்கு மாட்டியது உயரம் மாற்ற முடியாத பில்ஸ்டைன் அப்சார்பரைத்தான். இன்று அந்தக் குடும்பத்திலேயே அதிக விலை போவது அது.

ஸ்ட்ரட் அமைப்பில் காய்லோவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சக்கரம் தாங்கும் பாரம் ஸ்ட்ரட்டுக்குப் பக்கவாட்டில் வந்து அதை வளைக்கப் பார்க்கும். அந்த உரசலைக் குறைக்கத்தான் கம்பெனி ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் அச்சுக்கு ஒத்து நிற்காமல் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருக்கும். காய்லோவரின் நேரான ஸ்பிரிங் அப்படிச் சரிய முடியாது. சின்னச் சின்ன மேடுகளில் கார் விறைத்துக்கொண்டு போவதாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இதனால் வருவது. மேல் மவுன்டில் ரப்பருக்குப் பதில் இரும்புக் குண்டு வந்தால் ஸ்டியரிங் கூர்மையாகும், உண்மைதான். கூடவே கொஞ்ச நாளில் டக் டக் என்ற சத்தமும் வரும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் மரை துருப்பிடித்து வளையம் இறுகிவிடும். பிறகு உயரம் மாற்றும் வசதி பெயரளவுக்குத்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் காய்லோவரைத் தள்ளிவிட முடியாது. அதற்கே உரிய பலம் ஒன்று இருக்கிறது, வாங்கியவர்களே அதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. நல்ல செட்டுகளில் அடிப் பிடிமானமும் தனியாகத் திருகும். அதை ஏற்றி இறக்கினால் ஸ்பிரிங்கின் அமுக்கமோ அப்சார்பரின் ஓட்டமோ மாறாமல் உயரம் மட்டும் மாறும். குட்டை ஸ்பிரிங்கால் இதைச் செய்யவே முடியாது. இன்னொன்று மூலை எடை. நாலு கால் மேசையில் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் அதன் எதிர்மூலைக் காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். காரும் அப்படித்தான். நான்கு தராசுகளின்மேல் நிறுத்தி, ஓட்டுநர் எடையையும் உள்ளே வைத்து, குறுக்கு மூலைகளின் எடையைச் சரி செய்தால் இடது வலது வளைவுகளில் கார் ஒரே மாதிரி நடக்கும். தராசு இல்லாமல், மட்கார்டு சந்து நான்கு பக்கமும் சமமாகத் தெரியும்படி வளையத்தைத் திருகுகிறவர் இருந்த சமநிலையையும் கெடுத்துவிடுகிறார். வருடத்தில் பல நாள் டிராக்குக்குப் போகிறவர், தராசு வைத்திருக்கும் ஒர்க்ஷாப் பக்கத்தில் உள்ளவர், இவர்களுக்குக் காய்லோவர்தான் சரி. மற்றவர்களுக்குக் குட்டை ஸ்பிரிங் போதும் என்பேன்.

எதை மாட்டினாலும் மாட்டுகிற விதத்தில் கவனிக்க வேண்டியவை சில. முன் ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்ப்பவை இரண்டு போல்ட்டுகள். மேலே உள்ளது மையம் விலகியது. அதைத் திருப்பித்தான் கேம்பர் வைப்பார்கள். கழற்றுவதற்கு முன் அதன் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், அலைன்மென்ட் கடை வரையாவது கார் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆர்ம், லிங்க் இவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் உட்கார்ந்து கார் தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கலில் இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரமும் தப்பாகக் காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். டயர் தேய்மானம் கணக்கில் புகாது.

பின்பக்கம் இறங்கினால் நெகட்டிவ் கேம்பர் கூடும், டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். அதைச் சரி செய்யாமல் விட்டால் பின் டயர்கள் உள்விளிம்பில் தேயும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. தெரிந்தபின் உரிமையாளர் என்ன செய்வார்? பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போடுவார். முன்சக்கர வண்டியில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் இந்தக் காரின் மேனுவல் கியர்பாக்ஸில் நடு டிஃபரன்ஷியலோடு ஒரு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அதன் வேலை. புது டயரும் தேய்ந்த டயரும் சேர்ந்தால் சுற்றளவு வித்தியாசப்படும். நேர் சாலையிலும் அந்தக் கப்ளிங் ஓய்வில்லாமல் உரசிச் சூடாகும். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருகாரர்கள் கண்டிப்பாகப் பிடிக்கும் விதி. தெருவில் ஓடும் காருக்கு முன்னால் மைனஸ் ஒன்றரை டிகிரிக்குள் கேம்பர், டோ பூஜ்யம்; பின்னால் துளி உள்நோக்கிய டோ. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி அடங்கியதும் மறுபடி அளந்து பார்த்து, வேண்டுமானால் அலைன்மென்டைத் திருத்திக்கொள்ளலாம்.