சமயவாதமும் சபையொழுங்கும்

சமயக் கொள்கைகளைப் பொதுச்சபையில் வினாவுக்கும் மறுப்புக்கும் உட்படுத்தல் தகுமோ என்பது நெடுங்கால வினா. தகாது என்பார், அஃது அடியார் உள்ளத்தைப் புண்படுத்திக் கலகத்துக்கு வித்திடும் என்பர். தகும் என்பார், உண்மை வினாவுக்கு அஞ்சாது என்பர். இவற்றுள் எது வலியுடைத்து என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கை வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சமயவாதம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரிற் பல சமயவாதிகளை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள் எனக் காப்பியம் கூறும். சிவஞானசித்தியார் பரபக்கமும் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கின்றது. எதிரியின் கூற்றை அறியாது மறுத்தல் வாதமாகாது என்பது நம் முன்னோர் கொண்ட நெறி.

அந்நெறியையே ஆறுமுக நாவலர் அவர்கள் பின்பற்றினார்கள். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றமையால் அந்நூலை அவர்கள் நன்கு கற்றிருந்தார்கள். மிஷனரிமார் சைவக் கிரியைகளை இகழ்ந்தபோது, 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், விவிலியத்துட் கூறப்படும் ஆலய வழிபாட்டு முறைகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார்கள்.

தெற்கிலே 1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளிற் பாணந்துறையில் நிகழ்ந்த வாதமும் இத்தகையதே. பௌத்தர் சார்பில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரும், கிறித்தவர் சார்பில் தாவீது த சில்வா பாதிரியாரும், சிறிமான்ன என்னும் உபதேசியாரும் பேசினர். ஆன்மா உண்டோ, இறைவனது இயல்பு யாது என்பன போன்ற வினாக்கள் ஆராயப்பட்டன. இருதிறத்தாரும் முன்னரே உடன்பட்ட ஒழுங்கின்படி மாறிமாறிப் பேசினர். ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தும் கலகம் விளையவில்லை. அவ்வாதத்தின் ஆங்கில வடிவத்தைப் படித்த கேணல் ஒல்கொட் 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். பௌத்த கல்வி மறுமலர்ச்சி உரம் பெற்றது.

ஆயினும், மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, அதே தேரரின் விகாரை அமைந்த கொட்டாஞ்சேனையிற் பௌத்த ஊர்வலத்தினருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே பெருங்கலகம் மூண்டது. பல்லாண்டுகளாகத் துண்டுப் பிரசுரங்களில் இருபாலும் பெருகிய கடுஞ்சொற்கள் மனக்கசப்பை வளர்த்திருந்தன என்பதை மறுத்தற்கில்லை. எனினும் பாணந்துறையில் வினாவும் விடையும் இருந்தன; கொட்டாஞ்சேனை வீதியில் இரண்டுமில்லை. கேட்பாரின்றி இருகூட்டம் எதிர்ப்பட்ட இடத்திலேதான் கல்லும் தடியும் பேசின.

ஆகவே வாதத்தையே தடைசெய்தால் அமைதி நிலவும் எனலாமோ? அத்தகைய தடை அக்காலத்தில் இருந்திருப்பின் யார் வாய் அடைபட்டிருக்கும் என்று சிந்தித்தல் வேண்டும். ஆள்வோரின் சமயமும், அவர்தம் ஆதரவு பெற்ற பாடசாலைகளும் கிறித்தவர் பக்கம் இருந்தன. தடை வந்திருப்பின் நாவலரும் குணானந்தருமே முதலில் மௌனமாக்கப்பட்டிருப்பர். வலியார்க்குப் பிற கருவிகள் உள. மெலியார்க்கோ வினாவும் விடையுமே கருவி.

இவ்வுரிமையை நமக்கு வேண்டியபோது போற்றிப் பிறர் நம்மை வினாவும்போது வெறுத்தல் நீதியன்று. நமது சமயத்தை ஒருவர் வினாவுவாராயின் அவரை வாயடைக்க முயலாது, அவர் நூலையும் நமது நூலையும் கற்று விடையளித்தலே நாவலர் வழிவந்தார்க்கு அழகாம். கொள்கையை மறுக்கலாம், கொண்டாரை இகழலாகாது. இவ்வெல்லையை மாணாக்கர் தம் விவாத அரங்கிலேயே பழகுவாராயின், நாளை வீதியில் அதனை மறவார்.