கச்சேரிக்குப் போன கதை

மயிலாப்பூரில் கச்சேரி சாலை இருக்கிறது. பக்கத்திலேயே கபாலி கோயில், சுற்றுவட்டாரம் முழுக்க சபாக்கள். பெயர்ப்பலகையைப் பார்த்தால் யாருக்கும் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கும் பாட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது சர்க்கார் கச்சேரி.

இந்தியில் ‘கசஹரி’ என்றால் அதிகாரி உட்கார்ந்து வழக்கும் வரியும் பார்க்கும் இடம். தெற்கே வந்து அது கச்சேரி ஆனது. தாலுகாவுக்குத் தாசில் கச்சேரி. திருவனந்தபுரத்தில் 1869-ல் திறந்த தலைமைச் செயலகத்துக்கு ஹஜூர் கச்சேரி. பெங்களூரில் விதான சௌதாவுக்கு எதிரே நிற்கிறதே சிவப்புக் கட்டடம், இப்போது ஹைகோர்ட், அதன் பழைய பெயர் அட்டாரா கச்சேரி. அட்டாரா என்றால் பதினெட்டு. 1868-ல் கட்டி முடித்து, மைசூர் அரசின் 18 இலாகாக்களையும் ஒரே கூரையின் கீழ் குடிவைத்தார்கள். (ஒரு கையெழுத்துக்காக மூன்று கட்டடம் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் பெயரின் அருமை தெரியும்.) கன்னடத்தில் இன்றைக்கும் ஆபீஸ் என்றால் கச்சேரிதான்.

நம் பக்கம் சொல் மேடையேறிவிட்டது. பாட்டுக் கச்சேரி, சீட்டுக் கச்சேரி, அரட்டைக் கச்சேரி. என் கணிப்பு இது: கச்சேரியில் கட்டடத்தைவிடக் கூட்டம்தான் பெரிது. ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பார், ஊர் சுற்றி இருக்கும், எல்லார் காதிலும் விழும்படி காரியம் நடக்கும். தர்பாரில் வழக்கும் நடந்தது, பாட்டும் நடந்தது. நாம் பாட்டை வைத்துக்கொண்டு வழக்கை ‘ஆபீஸ்’ கையில் கொடுத்துவிட்டோம். பிறகு ஆபீஸ் ‘அலுவலகம்’ ஆனது, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். பலகை மாறியதே தவிர, ஆட்டோக்காரரிடம் இன்றும் ‘தாலுகா ஆபீஸ்’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா போன பிறகு வாரிசுச் சான்றுக்காக அப்படி ஒரு ஆபீஸுக்கு அலைந்தேன். இ-சேவை மையத்தில் மனு பதிவாகிவிட்டது. வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, மேலே போக வேண்டும். போகவில்லை. நேரில் போனால், முதல் நாள் சர்வர் டவுன். இரண்டாம் நாள் சார் கேம்ப். மூன்றாம் நாள் ஒரு அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “ஆதார்ல சுப்பிரமணியம்னு இருக்கு, ரேஷன் கார்டுல சுப்ரமணியன். ரெண்டு பேரும் ஒரே ஆள்தானா சார்?” ம், ன் இரண்டுக்கும் நடுவில் அப்பா மாட்டிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவருக்கு அது காதில் விழவில்லை. கண்ணாடித் தடுப்பில் குனிந்து பேசினால்தான் யாருக்கும் எதுவும் கேட்கும். பழைய கச்சேரியின் சாயல் மிச்சமிருப்பது கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மனு நாளில்தான். அங்கே மட்டும் ஒரு கூடம், ஒரு மேஜை, எதிரே ஊர்.

அந்த வாரம் யாழ்ப்பாணத்து நண்பர் போனில் பேசினார். “காலமை கச்சேரிக்குப் போனனான். அலுவல் முடியேல்லை, நாளைக்கு வரட்டாம்.”

“யார் பாட்டு?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு சிரித்தார். இலங்கையில் மாவட்டச் செயலகத்துக்குப் பெயர் கச்சேரி. பதவிப் பெயர்கள் மாறியும் பேச்சில் அது போகவில்லை. யாழ்ப்பாணத்தில் கச்சேரி நல்லூர் வீதி என்றே ஒரு தெரு உண்டு. எனக்கு அதைவிட அவர் சொன்ன இன்னொரு சொல்தான் உறைத்தது. அவர் பேச்சில் அலுவல் அவருடையது. “எனக்கொரு அலுவல் இருக்கு” என்று அங்கே யாரும் சொல்வார்கள். சந்தைக்குப் போவதும் அலுவல், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அலுவல். நம்மிடம் அது அகத்தோடு சேர்ந்து அலுவலகமாகி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொந்தமாகிவிட்டது. இந்தப் பக்கம் நிற்கிறவர் மனுதாரர்.

“உங்கட அலுவல் முடிஞ்சுதோ?” என்று நண்பர் கேட்டார்.

“ன் வந்தாச்சு. ம்-க்கு அஃபிடவிட் கேட்கிறார்கள்” என்றேன்.