கல்லில் வாழ்ந்த மொழி

லிபியா நாட்டின் கடற்கரையில், திரிப்போலிக்குக் கிழக்கே, மணலிலிருந்து மீட்கப்பெற்ற மாநகர் ஒன்று நிற்கிறது. லெப்டிஸ் மேக்னா என்பது அதன் பெயர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டளவில் பினீசிய வணிகர் கண்ட துறை அது. கார்த்தேஜின் ஆட்சியில் வளர்ந்தது. கி.மு. 146-இல் உரோமர் கார்த்தேஜை அழித்தனர், லெப்டிஸோ அழியவில்லை. ஒலிவ எண்ணெய் வாணிகம் அதன் களஞ்சியத்தை நிரப்பிற்று.

அந்நகரின் அரங்கைக் காண்போம். கி.பி. 1-2-இல் அதனை எழுப்பியவன் அன்னோபால் ரூபஸ் என்னும் உள்ளூர்ச் செல்வன். முன்பெயர் பியூனிக், பின்பெயர் இலத்தீன். அவன் பொறித்த கல்வெட்டும் இரு மொழியில் உள்ளது. ஆள்வோர் மொழியை அவன் புறக்கணிக்கவில்லை. அதற்காக அன்னை மொழியை அடகு வைக்கவுமில்லை!

ஆனால், நிலை மாறிற்று. அந்நூற்றாண்டின் முடிவோடு நகரின் பொதுக் கல்வெட்டுகளிலிருந்து பியூனிக் எழுத்து மறைகிறது. பதவி வேண்டுமா, இலத்தீன்! பட்டம் வேண்டுமா, இலத்தீன்! அரங்கை இழந்த மொழி அடுக்களையில் ஒதுங்கிற்று.

கி.பி. 145-இல் இந்நகரில் பிறந்த செப்டிமியஸ் செவரஸ், 193-இல் உரோமப் பேரரசனானான். ஆப்பிரிக்க மண்ணின் மைந்தன் அரியணை ஏறினான். பிறப்பு அவனைத் தடுக்கவில்லை. பெருமைதான்! பிறந்த ஊருக்குப் பெருமன்றமும் துறைமுகமும் தந்தான். ஆயினும், அவனைக் காண வந்த உடன்பிறந்தாள் இலத்தீனைத் தட்டுத் தடுமாறிப் பேசியதால் நாணி, அவளை ஊருக்கே அனுப்பிவிட்டான் என்று பழைய உரோம வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. ஊருக்குச் சலவைக்கல் தந்தவன், ஊரின் நாவைக் கண்டு வெட்கினான் என்பதன்றோ அக்கதையின் பொருள்?

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், அகஸ்டீன் காலத்திலும், ஆப்பிரிக்கச் சிற்றூர் உழவரிடம் பியூனிக் உயிரோடிருந்தது. ஏழையர் காத்தனர், ஏற்றம் பெற்றோர் கைவிட்டனர். பின்னர் அதுவும் அடங்கிற்று.

செவரஸின் துறைமுகத்தை வண்டல் அடைத்தது; நகரை மணல் மூடியது. 20-ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தோர் தூண்களை நிமிர்த்தினர். 1982-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபிடமாக ஏற்றது. வீழ்ந்த தூணை நிமிர்த்தலாம். வீழ்ந்த மொழியைப் பேச நாவுக்கு எங்கே போவது? மன்றத்திலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆளாத மொழி, வீட்டில் மட்டும் நெடுநாள் வாழாது. லெப்டிஸின் கற்கள் நமக்கு உரைப்பது இதுவே.