மண் அள்ளும் பணியும் கீழ்முதுகு வலியும்: மம்மட்டி, ஷவல் ஆகியவற்றை உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல்

சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலையைக் கடந்து புதுவாயல், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரையுள்ள பகுதியில் மண்ணையும் மணலையும் கையால் அள்ளும் பணி இன்றும் குறையவில்லை. இரும்பு உருக்காலைகளில் கசடும் உலைச்சாம்பலும், கட்டுமானத் தளங்களில் மணலும் ஜல்லியும் கலவையும், செங்கல் சூளைகளில் சேறும், அரிசி ஆலைகளில் உமியும் சாம்பலும் பெரும்பாலும் கையாலேயே அள்ளப்படுகின்றன. ஏரி, குளம் தூர்வாரும் பணிகளில் பெண்களே மிகுதியாக ஈடுபடுகின்றனர். இவர்களுக்குக் கீழ்முதுகு வலி அடிக்கடி வரும் தொல்லையாகும்.

வலி வந்ததும் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் அதே கருவியுடன் அதே வேலைக்குத் திரும்புவது பலரின் வழக்கம். வலிக்கான காரணம் மாறாதபோது வலியும் திரும்ப வருகிறது. கருவியை உடலுக்கேற்ப எவ்வாறு அமைத்துக்கொள்வது, வலி வந்தபின் என்ன செய்வது, எப்போது மருத்துவமனைக்கு விரைவது ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• அள்ளும் மண்ணின் எடையைவிட, குனிந்த உடலின் எடையே பெரும்பாலும் முதுகுக்கு அதிகச் சுமையாகிறது.
• காம்பு குட்டையாக இருந்தால் உடல் அதிகம் குனிய நேரிடும்.
• எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுள்ள தகடு பொருந்தாது.
• மருத்துவ ஆலோசனையின்றி நாள்தோறும் வலி மாத்திரை உண்பது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.
• கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை அவசர அறிகுறிகள்.

குனியும்போது முதுகில் என்ன நிகழ்கிறது?

முதுகெலும்புகளுக்கு இடையில் டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற இடைவட்டுகள் உள்ளன. கீழ்முதுகின் கடைசி இரண்டு இடைவட்டுகளே மிகுந்த சுமையைத் தாங்குகின்றன. அச்சுமையை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலுள்ள உடற்பகுதி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அவர் நன்கு குனியும்போது அந்த எடையின் மையம் கீழ்முதுகு மூட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. முன்னே சென்றுவிடுகிறது. அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகளோ அம்மூட்டுக்கு 5 செ.மீ. பின்னால் மட்டுமே உள்ளன. நெம்புகோலின் குட்டைப் பக்கத்தைப் பிடித்திருப்பவரைப் போல, அத்தசைகள் ஐந்து மடங்கு விசையுடன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ அளவுக்கு, இழுக்க வேண்டியுள்ளது. கையில் எதுவும் இல்லாத நிலையிலேயே இவ்வளவு சுமை உண்டாகிறது. ஷவலும் மண்ணும் சேர்ந்து 7 கிலோ இருந்து, அது மூட்டிலிருந்து 60 செ.மீ. தொலைவில் இருந்தால், மேலும் 80 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான விசை சேர்கிறது.

குனிவைக் குறைப்பதும், சுமையை உடலுக்கு அருகில் வைத்துக்கொள்வதும் முதுகைக் காக்கும் முதன்மையான வழிகள் என்பது இதனால் விளங்கும். குனிந்த நிலையிலேயே உடலைத் திருப்பி மண்ணை வீசும்போது இடைவட்டின் ஒருபுறம் அழுத்தமும் மறுபுறம் இழுவையும் ஏற்படுவதால் பாதிப்பு மிகுகிறது.

மம்மட்டியும் ஷவலும்

நம் பகுதியில் மம்மட்டி எனப்படும் மண்வெட்டி, வெட்டி இழுப்பதற்கான கருவியாகும். ஷவல், தள்ளி அள்ளுவதற்கான கருவியாகும். மம்மட்டியால் மண்ணைச் சட்டிக்குள் இழுத்து நிரப்பும்போது முதுகு ஏறத்தாழ தரைக்கு இணையாகவே இருந்துவிடுகிறது. ஆகவே வெட்டுவதற்கு மம்மட்டியையும், வெட்டிய மண்ணை அள்ளுவதற்கு ஷவலையும் பயன்படுத்துவது நல்லது. இறுகிய தரையைக் கடப்பாரையால் முதலில் நெகிழ்த்திக்கொண்டால் இரண்டு கருவிகளுக்கும் வேலை எளிதாகும்.

வெறுங்காலுடன் வேலை செய்பவரால் ஷவலின் தகட்டை மிதித்து மண்ணுக்குள் இறக்க இயலாது. எனவே அவர் கையாலும் முதுகாலும் தள்ளுகிறார். தடித்த அடிப்பாகமுள்ள காலணியும், தகட்டின் மேல்விளிம்பில் மடித்துவிடப்பட்ட மிதிபட்டையும் இருந்தால் அந்த வேலையைக் கால் ஏற்றுக்கொள்ளும்.

கருவியை அமைத்துக்கொள்ளும் முறை

காம்பின் நீளம்: ஷவலைத் தகட்டின் முனை தரையில் படுமாறு நேராக நிறுத்தினால், காம்பின் மேல்முனை உங்கள் முழங்கைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். உயரமானவரும் குட்டையானவரும் ஒரே ஷவலைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் நிச்சயமாகச் சிரமப்படுவார். பணித்தளத்தில் இரண்டு மூன்று நீளங்களில் ஷவல்கள் இருப்பது நல்லது.

மம்மட்டியின் கோணம்: மம்மட்டிக்கு நீண்ட காம்பு பொருத்தினால் மட்டும் போதாது. நிமிர்ந்து நின்று வெட்டும்போது காம்பு செங்குத்தாகச் சாய்வதால், தகடு மண்ணுக்குள் இறங்காமல் மேலே வழுக்கிச் செல்லும். ‘நீளக் காம்பு வேலைக்கு ஆகாது’ என்று பலர் அதைக் கைவிடுவதற்கு இதுவே காரணம். காம்பை நீட்டும்போது, காம்புக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் கொல்லரிடம் சொல்லிச் சற்று விரித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு சாண் நீளம் கூட்டிச் சில நாள் பயன்படுத்திப் பார்த்து, பிறகு தேவைக்கேற்ப மாற்றலாம். நெருக்கமாக நின்று வேலை செய்யும் இடத்தில் நீண்ட காம்பு அடுத்தவர்மேல் படாதவாறு இடைவெளி விட வேண்டும்.

ஷவலின் சாய்வு: ஷவலின் தகடும் காம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால், அள்ளிய பொருள் சரியாமலிருக்க உடலைத் தாழ்த்த வேண்டிவரும். ஆன்ட்ரிஸ் ஃபிரைவால்ட்ஸ் என்னும் ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட ஷவல் ஆய்வில், தகட்டுக்கும் காம்புக்கும் இடையே சுமார் 32 பாகை ஏற்றம் இருப்பதைப் பரிந்துரைத்தார். தோண்டுவதற்குக் கூர்முனைத் தகடும், அள்ளுவதற்குச் சதுரமுனைத் தகடும் ஏற்றவை என்பதும் அவர் பரிந்துரையாகும்.

பிடி: காம்பின் பருமன் 3 முதல் 4 செ.மீ. வரை இருந்தால் விரல்கள் நன்கு சுற்றிப் பிடிக்கும். வழுவழுப்பாக இழைத்த மரக்காம்பு நல்லது. இரும்புக் குழாய்க் காம்பு எடை கூடியது, வெயிலில் சூடேறும். குட்டைக் காம்பு உள்ள ஷவலில் மேல்முனையில் வளையப் பிடி இருப்பது அவசியம்.

இரண்டாவது பிடி: காம்பின் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கி நிற்கும் ஒரு துணைப்பிடியைப் பொருத்தினால், கீழ்க்கை தரையை நோக்கி நீள வேண்டியதில்லை, அதனால் குனிவு குறைகிறது. முன்னரே முதுகுவலி உள்ளவர்கள் தளர்ந்த பொருளை அள்ளுவதற்கு இது உதவும். இறுகிய மண்ணைத் தோண்டுவதற்கு இது பொருந்தாது.

பராமரிப்பு: தகட்டின் முனையைக் கூர்மையாக வைத்திருங்கள். ஒட்டிய மண்ணை அவ்வப்போது தட்டிவிடுங்கள். ஆடும் காம்பை ஆப்பு அடித்து இறுக்குங்கள். மழுங்கிய கருவியால் செய்யும் வேலைக்குக் கூடுதல் விசை தேவைப்படும்.

பொருளுக்கேற்ற தகடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெத்லகேம் உருக்காலையில் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர் ஷவல் வேலையை ஆராய்ந்தார். அங்கு தொழிலாளர்கள் ஒரே ஷவலால் இலேசான நிலக்கரித் துகளையும் கனமான இரும்புத் தாதுவையும் அள்ளிவந்தனர். ஒருமுறை அள்ளும் எடை ஏறத்தாழ 21 பவுண்டு (9.5 கிலோ) ஆக இருக்கும்படி, தாதுவுக்குச் சிறிய தகடும் துகளுக்குப் பெரிய தகடும் அவர் வகுத்தார். அவர் அளந்தது ஒரு நாளில் முடியும் வேலையின் அளவையே. முதுகின் நலத்தை அன்று. எனவே அந்த எடையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பொருளுக்கேற்பத் தகட்டின் அளவு மாற வேண்டும் என்னும் கருத்து மட்டும் நமக்குப் பயன்படும்.

ஒரு லிட்டர் உமி 150 கிராம்கூட இராது. அதே அளவு உலர்மணல் சுமார் 1.6 கிலோ, ஈரமணல் சுமார் 2 கிலோ, கான்கிரீட் கலவை சுமார் 2.4 கிலோ இருக்கும். உமிக்கென்று வாங்கிய அகன்ற ஷவலால் ஈரமணலையோ உலைக் கசடையோ அள்ளினால், தகடு நிறைவதற்கு முன்பே எடை எல்லை மீறிவிடும்.

நிமிடத்துக்கு 15 முறை அள்ளும் வேகத்தில், கருவியும் பொருளும் சேர்ந்து 5 முதல் 7 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது கனடா நாட்டின் தொழில்சார் நலம் மற்றும் பாதுகாப்பு மையத்தின் அறிவுரை. ஷவல் 2 கிலோ என்றால், பொருள் அதிகபட்சம் 5 கிலோ. அதாவது இரண்டரை லிட்டர் ஈரமணல் மட்டுமே. இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவில் 15 நிமிடம் அள்ளினாலே 1,100 கிலோவுக்கு மேல் நகர்ந்துவிடும்.

வேலை செய்யும்போது

• ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். கீழ்க்கையைத் தகட்டுக்கு அருகில் பிடியுங்கள்.
• வீசும் திசையை நோக்கிப் பாதத்தைத் திருப்புங்கள்; இடுப்பை மட்டும் முறுக்காதீர்கள்.
• ஒரு மீட்டருக்கு அதிகத் தொலைவிலும், 1.3 மீட்டருக்கு அதிக உயரத்திலும் வீசுவதைத் தவிருங்கள். தள்ளுவண்டியை அருகில் நிறுத்துங்கள்.
• சட்டியைத் தரையில் வைக்காமல், கற்களை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு மேல் வைத்து நிரப்புங்கள். தலையில் ஏற்றும்போது இருவர் சேர்ந்து தூக்குங்கள்.
• 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, சற்று நடந்து, வேறு வேலைக்கு மாறுங்கள்.
• தூங்கி எழுந்தவுடன் இடைவட்டுகள் நீர் கோத்துப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனியும் வேலையைத் தவிருங்கள்.

வலி வந்துவிட்டால்

பெரும்பாலான கீழ்முதுகு வலி சில வாரங்களில் குறைந்துவிடும். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே இருப்பது குணமடைவதைத் தாமதப்படுத்தும். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடப்பதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நல்லவை. அபாய அறிகுறி இல்லாத புதிய வலிக்கு எக்ஸ்-ரேயோ ஸ்கேனோ பொதுவாகத் தேவைப்படாது.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்தோறும் உண்ணாதீர்கள். வெயிலிலும் உலை வெப்பத்திலும் வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும்போது இம்மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் வாய்ப்பு அதிகம். இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படலாம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் உண்ணக்கூடாது.

வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரத்தில் பாதிச் சுமையுடனும் அடிக்கடி ஓய்வுடனும் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர் கழிக்க இயலாமை. சிறுநீர் அல்லது மலம் அறியாமல் வெளியேறுதல்
• தொடைகளுக்கு இடையிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல்
• காலில் வலுவிழப்பு. நடக்கும்போது பாதம் தொங்குதல்
• உயரத்திலிருந்து விழுந்தபின் அல்லது விபத்துக்குப்பின் தோன்றிய வலி
• காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல், இரவில் மிகும் வலி. இவை முதுகெலும்புக் காசநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

முதல் மூன்று அறிகுறிகளில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ‘சுளுக்கு எடுப்பதாக’ முதுகை அழுத்துவதோ முறுக்குவதோ கூடாது. நரம்பின்மேல் உள்ள அழுத்தத்தை உரிய நேரத்தில் நீக்காவிட்டால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

பராமரிப்பாளர்களுக்கு

வலியால் படுத்திருப்பவர் கூச்சத்தினால் சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லாமல் இருக்கலாம். நீங்களே வெளிப்படையாகக் கேளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களே பராமரிப்பாளர்கள். மேற்கண்ட அறிகுறிகளை அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது உண்ட மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கருவியால், எந்தப் பொருளை, நாளுக்கு எத்தனை மணி நேரம் அள்ளுகிறார் என்பதையும் தெரிவியுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு பெல்ட் அணிந்தால் வலி வராதா?
பெல்ட் அணிவதால் முதுகுக் காயம் தடுக்கப்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பெல்ட் அணிந்த துணிவில் கூடுதல் சுமை தூக்குவது ஆபத்தானது.

ஊசி போட்டால் விரைவில் குணமாகுமா?
ஊசி சில மணி நேரம் வலியைத் தணிக்கும், காரணத்தை நீக்காது. வலி மறைந்த நேரத்தில் அதே சுமையைத் தூக்கினால் காயம் பெரிதாகலாம்.

உதவி பெறும் வழிகள்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்கள், பங்களிப்பு நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். ஆகவே கூலி போய்விடும் என்ற அச்சத்தால் வலியுடன் வேலைக்குச் செல்லாதீர்கள்.

காயம் உண்டாக்கும் அளவு கனமான சுமையை எந்தத் தொழிலாளியும் தூக்கும்படி செய்யக்கூடாது என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34-ஆம் பிரிவிலேயே விதித்தது. பொருத்தமான காம்பையும் தகட்டையும் கேட்பது தொழிலாளியின் நியாயமான தேவை. மேற்பார்வையாளர்களும் ஒப்பந்ததாரர்களும் கருவி வாங்கும்போது, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் உயரத்தையும், அள்ளப்படும் பொருளையும் முதலில் கேட்டறிய வேண்டும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சைக்கு மருத்துவரை நேரில் அணுகவும்.